நெஞ்செரிச்சலும் சரியாக மூடாத கதவும்

இரவு இரண்டு மணி இருக்கும். நல்ல தூக்கத்தில் தொண்டைக்குள் புளிப்பும் கசப்புமாக ஏதோ ஏறி வர, இருமிக்கொண்டே எழுந்து உட்காருவார் என் அப்பா. நெஞ்செலும்புக்குப் பின்னால், கீழிருந்து மேலாக, சூடான கம்பியை வைத்து இழுத்தது போல எரிகிறது என்பார். தண்ணீர் குடித்தால் கொஞ்சம் அடங்கும். படுத்தால் மறுபடி வரும். அவர் தலைமாட்டில் எப்போதும் ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு சமையல் சோடா டப்பா, ஒரு தேக்கரண்டி. காலையில் யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "வயித்துல ஆசிட் அதிகமா சுரக்குது."

நாங்களும் அதையே நம்பினோம். புளிப்பை நிறுத்தினோம், காரத்தை நிறுத்தினோம், காபியை நிறுத்தினோம். சாப்பாட்டுத் தட்டு வெளிறிக்கொண்டே போனது, எரிச்சல் மட்டும் போகவில்லை. நாங்கள் தேடிய இடமே தப்பு என்று புரிவதற்குச் சில வருடங்கள் ஆகிவிட்டன. எதுக்களிப்பு உள்ள பெரும்பாலானவர்களுக்கு அமிலம் வழக்கமான அளவில்தான் சுரக்கிறது. இருக்க வேண்டிய இடத்தை விட்டு அது மேலே வருவதுதான் சிக்கல். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் எதைச் சாப்பிடலாம், எப்போது சாப்பிடலாம், எந்தக் கைவைத்தியம் உதவும், எது கெடுக்கும் என்பதெல்லாம் வரிசையாகத் தெளிவாகிவிடும்.

இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று 1823-ல் கண்டு சொன்னவர் வில்லியம் ப்ரௌட் என்ற ஆங்கில மருத்துவர். எலுமிச்சைச் சாறு எவ்வளவு புளிப்போ கிட்டத்தட்ட அதே அளவு கடுமை, சில நேரம் அதைவிடவும் அதிகம். ஒரு நாளில் இரைப்பை சுரக்கும் நீர் ஒன்றரை லிட்டருக்குக் குறையாது. இது உடம்புக்கு வேண்டிய அமிலம். புரதத்தை உடைக்கும் பெப்சின் என்ற நொதி இந்தப் புளிப்பில்தான் வேலை செய்யும். உணவோடு உள்ளே வரும் கிருமிகளில் பெரும்பாலானவை இங்கேதான் சாகின்றன. இரைப்பையின் உட்சுவருக்குக் கெட்டியான கோழைப் படலம் காப்பாக இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. மேலே இருக்கும் உணவுக்குழாய்க்கு அந்தக் காப்பு கிடையாது. சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள, உணவைக் கீழே தள்ளுவதற்கு மட்டும் அமைந்த மெல்லிய குழாய் அது. அமிலமும் பெப்சினும் அங்கே ஏறி நின்றால் தோல் வெந்தது போலாகிவிடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு இருக்கிறது. மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு வளையமாக இறுகியிருக்கும் சுருக்குத்தசை. வெளிப்பக்கத்திலிருந்து, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் தசையும் அதை ஒரு கை பிடித்தது போல நெருக்கிக்கொண்டிருக்கும். விழுங்கும்போது இந்தக் கதவு திறக்கும், உணவு இறங்கியதும் மூடிவிடும். ஆனால் நாம் எதையும் விழுங்காத நேரத்திலும் அது அவ்வப்போது தானாகத் தளர்கிறது. இதுவும் இயற்கையான ஏற்பாடுதான். இரைப்பையில் சேர்ந்த காற்று ஏப்பமாக வெளியேற ஒரு வழி வேண்டுமே! இரைப்பையின் மேல்பகுதி உப்பி விரியும்போது நரம்பு வழியாகச் செய்தி போய், கதவு பத்து விநாடிக்கும் மேலாகத் திறந்து நிற்கும். எல்லோருக்கும் இது நடக்கிறது. சிலருக்குக் காற்றோடு அமிலமும் சேர்ந்து வருகிறது. எதுக்களிப்பில் பெரும்பங்கு இப்படித்தான் உண்டாகிறது. உதரவிதானத் துளை தளர்ந்து இரைப்பையின் மேல்முனை மார்புக்குள் ஏறிவிட்டால் உள்வளையம் ஒரு மட்டத்திலும் வெளிப்பிடி வேறொரு மட்டத்திலும் ஆகிவிடும். பிறகு கதவு இறுகுவது கடினம்.

இன்னொன்றும் இருக்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டதும் உணவு அமிலத்தை நீர்த்துப்போகச் செய்துவிடும், எரிச்சல் அடங்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் பலருக்குச் சாப்பிட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில்தான் எரிச்சல் உச்சத்துக்குப் போகிறது. புதிதாகச் சுரக்கும் அமிலம் உணவோடு உடனே கலந்துவிடாமல் அதன் மேல் ஒரு குட்டைபோலத் தேங்கி நிற்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. அந்தக் குட்டை தேங்கும் இடம் சரியாகக் கதவுக்குக் கீழே. வயிறு உப்பிக் கதவு தளரும் அதே நேரத்தில் வாசலிலேயே அமிலம் காத்து நிற்கிறது.

இந்த இடத்தில் உணவுக்கு வருவோம். எல்லோரும் முதலில் கேட்பது எதைச் சாப்பிடக் கூடாது என்றுதான். நான் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுவேன். முதல் கேள்வி எவ்வளவு, இரண்டாவது எப்போது. ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிட்டால் இரைப்பை விரியும், விரிந்தால் கதவு தளரும். அதே உணவை இரண்டாகப் பிரித்து, இடைவெளி விட்டுச் சாப்பிட்டால் அந்த விரிவு குறையும். மெதுவாக மென்று சாப்பிடுபவர் உள்ளே விழுங்கும் காற்றும் குறைவு. சோடா கலந்த பானங்கள் காற்றையே ஊற்றிக்கொள்வதற்குச் சமம்.

எப்போது என்பது இன்னும் முக்கியம். உட்கார்ந்திருக்கும்போதும் நிற்கும்போதும் ஈர்ப்புவிசை நமக்காக வேலை செய்கிறது. மேலே வந்த அமிலம் தானாக இறங்கிவிடும், மிச்சத்தை விழுங்கும் உமிழ்நீர் கழுவிவிடும். உமிழ்நீரில் பைகார்பனேட் இருக்கிறது, அது அமிலத்தை முறிக்கும். தூங்கும்போது உமிழ்நீர் கிட்டத்தட்ட நின்றுபோகிறது, விழுங்குவதும் அரிதாகிவிடுகிறது, உடம்பும் படுக்கையில் மட்டமாகக் கிடக்கிறது. பகலில் ஓரிரு நிமிடத்தில் கழுவப்படும் அமிலம் இரவில் வெகுநேரம் அங்கேயே கிடந்து அரிக்கிறது. ஜப்பானில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் படுப்பவர்களுக்கு எதுக்களிப்பு நோய் இருக்கும் வாய்ப்பு, நான்கு மணி நேரமாவது கழித்துப் படுப்பவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் இருந்தது. தனி ஓர் ஆய்வின் எண்ணை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் என்ற விதியைவிடப் பலன் தரும் ஒரு பத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை. அப்பாவுக்கும் முதல் மாற்றம் இதில்தான் தெரிந்தது. ஒன்பதரை மணிச் சாப்பாட்டை ஏழு மணிக்குக் கொண்டுவந்தோம். அவர் விரும்பியதைச் சாப்பிட்டார், நேரம் மட்டும் மாறியது.

சரி, எதைத் தவிர்ப்பது? கொழுப்பு மிகுந்த உணவைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். கொழுப்பு வந்ததும் சிறுகுடல் சுரக்கும் ஹார்மோன் இரைப்பை காலியாவதை மெதுவாக்கும், கதவையும் தளர்த்தும். வறுத்தது, பொரித்தது, நெய்யும் வெண்ணெயும் மிதப்பது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். சாக்லேட்டும் மதுவும் கதவைத் தளர்த்தக்கூடியவை. புகையிலையும் அப்படியே, அதோடு உமிழ்நீரையும் குறைத்துவிடும்.

புளிப்புப் பழங்கள், தக்காளி, காரம் ஆகியவற்றின் கதை வேறு. ஆரஞ்சுச் சாற்றைவிட இரைப்பை நீர் பல மடங்கு கடுமையானது. ஆகவே ஆரஞ்சு தின்றதால் வயிற்றில் அமிலம் கூடிவிடாது. ஏற்கெனவே புண்பட்ட குழாய் வழியே இறங்கும்போது படும் எரிச்சல்தான் அது, வெட்டுக்காயத்தில் எலுமிச்சை பட்டது போல. புண் ஆறும்வரை ஒதுக்கி வைத்துவிட்டு அப்புறம் மெல்லத் திரும்பிப் பார்க்கலாம். வாழ்நாள் முழுக்கப் பழத்தைத் துறக்க வேண்டிய அவசியம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வெளியான ஒரு மறுபார்வையில், உடல் எடையைக் குறைப்பதும் படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்துவதும் பலன் தருவதற்குச் சான்று இருந்தது. காபி, புளிப்பு, காரம் என்று ஒவ்வொன்றாக நிறுத்துவதால் நோய் குறைகிறது என்பதற்கு உருப்படியான சான்று கிடைக்கவில்லை. தடை செய்யப்பட்ட உணவுகளின் நீண்ட பட்டியலை எங்கே பார்த்தாலும் எனக்கு வருத்தமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்தப் பட்டியலுக்குப் பயந்து ஒழுங்கான சாப்பாடே இல்லாமல் இளைத்துப்போனவர்கள் இருக்கிறார்கள்.

பட்டியலுக்குப் பதில் ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். இரண்டு வாரம் போதும். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எவ்வளவு, எரிச்சல் எப்போது வந்தது, அப்போது உட்கார்ந்திருந்தேனா குனிந்திருந்தேனா படுத்திருந்தேனா. அப்பாவின் நோட்டில் எங்களைத் திகைக்க வைத்த ஒன்று: காலைக் காபிக்கும் எரிச்சலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சாயங்காலம் சாப்பிட்டதும் குனிந்து செடிகளுக்குக் களை எடுத்த நாட்களில்தான் எரிச்சல் வந்திருந்தது. இரண்டு வருடம் காபியை வீணாக விட்டிருந்தார்!

குனிவது, இறுக்கமான பெல்ட், வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பு எல்லாம் ஒரே வேலையைச் செய்கின்றன. இரைப்பையைக் கீழிருந்து பிதுக்குகின்றன. கர்ப்பிணிகளுக்கு வளரும் கருப்பையும் இதைச் செய்யும், கூடவே புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் கதவைத் தளர்த்தும். குழந்தை பிறந்ததும் பெரும்பாலும் தானாக விலகிவிடும். எடை பற்றி அமெரிக்க செவிலியர்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2006-ல் சொன்னதைக் கேளுங்கள். உடல் நிறை எண் (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ.) 3.5-க்கு மேல் கூடியவர்களுக்கு, எடை மாறாதவர்களைவிட, அடிக்கடி எதுக்களிப்பு வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு அது சுமார் 9 கிலோ. ஆரம்பத்தில் சரியான எடையில் இருந்தவர்களுக்கும் இது பொருந்தியது. அதாவது பார்வைக்குக் குண்டாக இல்லாத ஒருவர்கூட, பழைய சட்டை வயிற்றில் இறுக்கத் தொடங்கிய காலமும் எரிச்சல் தொடங்கிய காலமும் ஒன்றா என்று யோசித்துப் பார்க்கலாம்.

படுக்கை விஷயத்தில் பலரும் செய்யும் தவறு தலையணையை அடுக்குவது. இரண்டு மூன்று தலையணை வைத்தால் கழுத்தும் மார்பும் மட்டும் மடங்கும், இடுப்பில் வயிறு நசுங்கும், அழுத்தம் கூடும். உயர வேண்டியது இடுப்பிலிருந்து மேல்பாகம் முழுவதும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு உறுதியான கட்டை வைக்கலாம், அல்லது சாய்வான மெத்தைத் துண்டை முதுகுக்கடியில் போடலாம். நாங்கள் இரண்டு மரக்கட்டைகளை வைத்தோம். முதல் இரண்டு இரவு கால்பக்கம் சறுக்கிச் சறுக்கி இறங்குகிறேன் என்று அப்பா கோபித்துக்கொண்டார். மூன்றாவது நாள் முழங்காலுக்கடியில் ஒரு சின்ன தலையணை கொடுத்ததும் சரியாகிவிட்டது.

எந்தப் பக்கம் படுக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். பாதி தண்ணீர் உள்ள ஒரு பாட்டிலைச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் தண்ணீர் அடியில் தங்கும், இன்னொரு கோணத்தில் வாயருகே வந்து நிற்கும். இரைப்பையின் அகன்ற பை இடப்பக்கம் இருக்கிறது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அமிலம் அந்தப் பையில் தேங்கி, கதவு அதற்கு மேலே இருக்கும். வலது பக்கம் படுத்தால் கதவு அமிலத்துக்குள் மூழ்கிவிடும். காசு செலவில்லாத, பக்கவிளைவு இல்லாத வைத்தியம் இது.

இனி கைவைத்தியங்கள். ஒவ்வொன்றிலும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: இது அந்தக் கதவுக்கோ, தேங்கிய அமிலத்துக்கோ, புண்பட்ட குழாய்க்கோ என்ன செய்கிறது?

அப்பாவின் சமையல் சோடாவில் தொடங்குவோம். சோடா அமிலத்தோடு சேர்ந்தால் உப்பும் நீரும் கரியமில வாயுவும் உண்டாகும். எரிச்சல் உடனே அடங்குவது உண்மை. ஆனால் அந்த வாயு இரைப்பையை உப்பவைக்கும், உப்பினால் கதவு திறக்கும். அவருக்கு வந்த பெரிய ஏப்பத்தை நாங்கள் குணத்தின் அறிகுறி என்று நினைத்தோம். அதற்கும் மேல், அரைத் தேக்கரண்டிச் சோடாவில் 600 மில்லிகிராமுக்கும் அதிகமான சோடியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 2000 மில்லிகிராமுக்குக் கீழே வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் தொடவே கூடாது. வயிறு நிறைந்திருக்கும்போது நிறையச் சோடாவைக் குடித்து இரைப்பையே கிழிந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அந்த டப்பாவை அப்பாவின் தலைமாட்டிலிருந்து எடுத்த நாள்தான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

பாலுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1915-ல் பெர்ட்ரம் சிப்பி என்ற அமெரிக்க மருத்துவர் வயிற்றுப் புண்ணுக்கு மணிக்கொருமுறை பாலும் பாலேடும் கொடுக்கும் முறையை வெளியிட்டார். பல பத்தாண்டுகள் உலகமெங்கும் அது நடந்தது. பால் இறங்கும்போது இதமாக இருக்கும், உண்மைதான். கொஞ்ச நேரத்தில் அதிலுள்ள கால்சியமும் புரதமும் மேலும் அமிலத்தைச் சுரக்கத் தூண்டும். கொழுப்பு நிறைந்த பாலைப் படுக்கும்முன் ஒரு பெரிய டம்ளர் குடிப்பது எதுக்களிப்பு உள்ளவருக்கு நல்லதில்லை.

இஞ்சி குமட்டலுக்கு உதவும், இரைப்பை சீக்கிரம் காலியாகவும் துணை செய்யும். கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம். அதிகமானால் அதுவே நெஞ்சை எரிக்கும். புதினா வகைகளில் வயிற்று வலிக்குப் பேர்பெற்ற பெப்பர்மின்ட் எண்ணெய் தசைகளைத் தளர்த்தும். அது குடல் பிடிப்புக்கு நன்மை, கதவுக்குக் கேடு. அதிமதுரத்தைத் தொடர்ந்து அதிகமாகச் சாப்பிட்டால் அதிலுள்ள கிளிசரைசின் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். வீட்டுச் சரக்குத்தானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாத ஒன்று அது. ஆப்பிள் சிடர் வினிகரை நம்பச் சொல்பவர்கள் அமிலம் குறைவதால்தான் எரிச்சல் வருகிறது என்கிறார்கள். அதற்குச் சான்று இல்லை. அமிலத்தால் புண்பட்ட குழாயில் இன்னோர் அமிலத்தை ஊற்ற வேண்டாம்.

அதிகம் பேசப்படாத இரண்டு எனக்குப் பிடித்தமானவை. ஒன்று, சாப்பிட்டபின் அரை மணி நேரம் சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்வது. உமிழ்நீர் கூடும், விழுங்குவதும் கூடும், குழாய் கழுவப்படும். பெப்பர்மின்ட் சுவையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இன்னொன்று வயிற்றால் மூச்சு விடும் பயிற்சி. கதவை வெளியிலிருந்து பிடித்திருப்பது உதரவிதானம் என்று சொன்னேனே, அது நாம் பயிற்சி கொடுக்கக்கூடிய தசை. ஆஸ்திரியாவில் நடந்து 2012-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், இந்தப் பயிற்சியைத் தொடர்ந்தவர்களுக்கு அமிலம் மேலே வருவது குறைந்தது, மாத்திரைத் தேவையும் குறைந்தது. மல்லாந்து படுத்து, வயிற்றில் ஒரு கை வைத்து, மூச்சை இழுக்கும்போது அந்தக் கை உயர வேண்டும், மார்பு அசையாமல் இருக்க வேண்டும். சாப்பிட்ட உடனே மட்டும் செய்யாதீர்கள்.

மருந்துக்கடையில் கிடைப்பவற்றில் ஆல்ஜினேட் கலந்த திரவம் எதுக்களிப்புக்கென்றே பொருந்தியது. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் இந்தப் பொருள் வயிற்றில் கூழ்போல உறைந்து, நான் சொன்ன அந்த அமிலக் குட்டைக்கு மேல் தெப்பமாக மிதந்து மூடிவிடும். அதனால்தான் சாப்பாட்டுக்குப் பிறகு அதைக் குடிக்கச் சொல்கிறார்கள்.

இத்தனையும் செய்தும் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் எரிகிறது என்றால் மருந்தை ஒதுக்காதீர்கள். உணவுக்குழாய் அரிக்கப்பட்டுப் புண்ணாகியிருந்தால் அதை ஆற்றுவதில் ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகளுக்கு இணையான கைவைத்தியம் கிடையாது. பெரும்பாலும் எட்டு வாரம் கொடுப்பார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும், ஏனென்றால் உணவு வந்து அமிலச் சுரப்பு முழுவீச்சில் நடக்கும்போதுதான் அந்த மருந்து அதைப் பிடித்து நிறுத்தும். அப்பா பல மாதம் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுவிட்டு மாத்திரை கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீண்ட நாள் போட்டவர்கள் சட்டென்று நிறுத்தவும் கூடாது. அடக்கி வைத்த சுரப்பு எகிறிக் குதிக்கும். நோயே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு எட்டு வாரம் இந்த வகை மருந்தைக் கொடுத்து நிறுத்திய ஒரு டென்மார்க் ஆய்வில், 44 சதவீதம் பேருக்குப் புதிதாக நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் போன்ற தொல்லைகள் வந்தன. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 15 சதவீதம்தான். மருத்துவரிடம் கேட்டு அளவைப் படிப்படியாக இறக்க வேண்டும். வேறு நோய்க்குப் போடும் வலி நிவாரணிகள், சில இரத்த அழுத்த மாத்திரைகள், எலும்புத் தேய்மான மாத்திரைகள்கூட எரிச்சலுக்குக் காரணமாகலாம். எல்லா மருந்துச் சீட்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போங்கள்.

சில அறிகுறிகளைக் கண்டால் உணவுமுறை மாற்றிப் பார்க்கிறேன் என்று காத்திருக்காதீர்கள். விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, இரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம், இரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கிய எரிச்சல் ஆகியவற்றுக்கு எண்டோஸ்கோப்பி தேவைப்படலாம். பல வருட எதுக்களிப்பில் சிலருக்கு உணவுக்குழாயின் கீழ்ப்பகுதித் திசு மாறி, அதிலிருந்து அரிதாகப் புற்றுநோய் வருவதுண்டு. நெஞ்செரிச்சலே இல்லாமல் வறட்டு இருமல், காலையில் குரல் கட்டுவது, பல் எனாமல் கரைவது என்று மட்டும் காட்டிக்கொள்ளும் எதுக்களிப்பும் இருக்கிறது.

கடைசியாக, எரிச்சல் என்று நினைப்பது நெஞ்சை அமுக்குவது போலிருந்து, தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவி, வியர்த்து, மூச்சு வாங்கினால் அது இதயமாக இருக்கலாம். நடந்தால், படியேறினால் கூடி, நின்றால் குறையும் எரிச்சலும் அப்படியே. அந்த நேரத்தில் சோடாவும் வேண்டாம், இஞ்சியும் வேண்டாம், ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். உடனே அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள்.